‘உப்புச்சப்பில்லை’ என்று எழுதியவர்மீது வழக்குப் போடலாமா?

வாசகர் கேள்விக்குச் சட்டத்தரணியின் பதில்

வடமராட்சியிலிருந்து ஓர் ஆசிரியை ஒன்பது பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். 26 வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறவர். சென்ற வருடம் தன் சேமிப்பை எடுத்துப் பதினொரு சிறுகதைகளைப் புத்தகமாகப் போட்டார். நல்லூரில் ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா நடந்தது. அப்புறம், மதிப்புரைக்கு என்று இரண்டு பிரதிகளை ஒரு சிற்றிதழுக்கு அவரே தபாலில் அனுப்பிவைத்தார்.

நாலு மாதம் கழித்து மதிப்புரை வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற விரிவுரையாளர், வயதில் மூத்தவர். ‘உப்புச்சப்பில்லை’, ‘பழங்கறியைச் சூடாக்கியது போல’, ‘வெற்றெனத் தொடுத்தல்’, ‘பல கதைகள் சென்று தேய்ந்து இறுகின்றன’ என்றெல்லாம் எழுதியிருக்கிறார். கடைசி இரண்டும் நன்னூல் என்ற பழைய இலக்கண நூல் அடுக்கும் குற்றங்களின் பெயர்கள். அடுத்த கிழமை ஆசிரியர் அறையில் ஒருவர் அதை வாசித்துவிட்டு, “ரீச்சரின்ர கறிக்கு உப்புக் காணாதாம்” என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து இடைவேளையில் வகுப்பறையிலேயே இருந்துவிடுகிறேன் என்று எழுதுகிறார்.

அவருடைய கேள்விகள் இவை. பொலிஸில் முறைப்பாடு கொடுக்கலாமா? மானநட்ட வழக்குப் போட்டால் பத்து இலட்சம் கேட்கலாமா? என் கதையிலிருந்து ஆறு வரியை என்னைக் கேட்காமல் எடுத்துப் போட்டது சரியா? “நன்னூல் நானும் படித்தவள்தான். ஆனாலும் ‘குற்றம்’ என்று அச்சில் போடுவது என்னைக் குற்றவாளி ஆக்குவதில்லையா? அந்தக் காலத்து விமர்சகர்கள் பண்பாகக் குறை சொன்னார்கள். இப்படியா எழுதினார்கள்?” என்றும் கேட்கிறார். மருமகன் கோபத்தில் பேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டிருக்கிறான் என்ற தகவலும் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. புத்தகத்தையும், சிவப்புப் பேனையால் கோடிட்ட மதிப்புரையின் போட்டோக் கொப்பியையும் கடிதத்தோடு இணைத்திருக்கிறார்.

அன்புள்ள ரீச்சர்,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மதிப்புரையை மூன்று தரம். உங்கள் புத்தகத்தையும் வாசித்து முடித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். சேமிப்பைப் போட்டு அச்சடித்த முதல் புத்தகத்துக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைத்தால் யாருக்கும் வலிக்கும். ஆசிரியர் அறையில் நடந்தது இன்னும் மோசம். ஆனால் அந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டாம். உங்களைக் கேலி செய்தவர் ஒருவர், உங்கள் கதைகளைப் பற்றி எழுதியவர் இன்னொருவர். முன்னவர்மீது உள்ள கோபத்தில் பாதி பின்னவர் தலையில் விழுந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

பொலிஸுக்குப் போக இடமில்லை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் அவதூறு ஒரு காலத்தில் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. தண்டனைச் சட்டக்கோவையின் 19ஆம் அத்தியாயம் அதைப் பற்றியதுதான். 2002ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த அத்தியாயத்தையே நீக்கிவிட்டது. ஆகவே பொலிஸ் நிலையத்துக்கு நீங்கள் போனாலும் இந்த மதிப்புரைக்காக அவதூறு என்று வழக்குத் தொடர அவர்களுக்குச் சட்டம் இல்லை. உங்கள் நேரம் போவதுதான் மிச்சம்.

ஆறு வரிக் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லலாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், விமர்சனத்துக்காக ஒரு படைப்பிலிருந்து அளவாக எடுத்துக் காட்டுவதை நியாயமான பயன்பாடு என்று அனுமதிக்கிறது. அவர் எடுத்தது ஆறு வரி. உங்கள் பெயரும் கதையின் பெயரும் அங்கேயே இருக்கின்றன. அதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. வரியைக் காட்டாமல் ‘நன்றாக இல்லை’ என்று மட்டும் எழுதியிருந்தால்தான் நான் அவரைக் குறை சொல்லியிருப்பேன்.

மானநட்ட வழக்கு எதைப் பார்க்கும்?

மிச்சமிருப்பது குடியியல் வழக்கு. தேசவழமை சொத்து, சீதனம் பற்றிய சட்டம், அதற்கு இங்கே வேலையில்லை. மானநட்டத்துக்கு உரோமன் டச்சுச் சட்டம்தான். சமுதாயத்தில் ஒருவரின் மதிப்பைக் குறைக்கும் ஒன்றை வேண்டுமென்றே பிரசுரித்தார் என்பது வழக்காளியின் வாதம். எதிராளி பல விதமாகத் தப்பலாம். அதில் உங்கள் விஷயத்துக்குப் பொருந்துவது நியாயமான விமர்சனம் என்ற எதிர்வாதம். பொதுமக்கள் முன் வைக்கப்பட்ட ஒன்றைப் பற்றி, உண்மையான விவரங்களின் மேல் நின்று, மனதில் பட்ட அபிப்பிராயத்தைச் சொன்னேன் என்று அவர் காட்டினால் போதும். அந்த அபிப்பிராயம் சரியா, மென்மையாகச் சொன்னாரா என்று நீதிமன்றம் மார்க் போடாது. புத்தகத்தை விலைக்கு விட்டது நீங்கள். மதிப்புரைக்கு என்று பிரதி அனுப்பியதும் நீங்கள். அந்தத் தபால் உறையையே அவர்கள் ஆவணமாகக் காட்டுவார்கள்.

1887இல் இங்கிலாந்தில் மேன்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்த மெரிவேல் எதிர் கார்சன் வழக்கு, நியாயமான விமர்சனம் பற்றிப் படிக்கும் எல்லோரும் படிக்கும் வழக்கு. கணவனும் மனைவியுமாக எழுதிய ஒரு நாடகத்தை, ஒரு நாடகப் பத்திரிகை, ‘சலித்துப்போகும் அளவுக்கு ஏற்கெனவே பயன்பட்ட சரக்குகளைக் கொத்திக் கிளறியது’ என்ற பொருள்பட எழுதியது. உங்கள் மதிப்புரையாளரின் பழங்கறி நினைவுக்கு வருகிறதா? அப்படிச் சொன்னதற்காக அந்தப் பத்திரிகை தோற்கவில்லை. நாடகத்தில் வரும் மனைவி ஒழுக்கம் கெட்டவள் என்று தோன்றும்படி ஒரு வரி அதில் இருந்தது. நாடகத்திலோ அப்படி ஒன்றுமே இல்லை. இல்லாததை இருப்பதாகக் காட்டியதுதான் பிழையாகப் போயிற்று. வழக்காளிகளுக்குக் கிடைத்த நட்டஈடு ஒரு ஷில்லிங்.

மிகைப்படுத்தியோ பிடிவாதத்தோடோ எழுதினாலும், நேர்மையான ஒருவர் அந்தப் படைப்பைப் பற்றி அப்படிச் சொல்லக்கூடுமா என்றுதான் அந்த நீதிமன்றம் கேட்டது. உங்கள் வழக்கிலும் அந்தக் கேள்விதான் வரும். சாட்சிக் கூண்டில் நீங்கள் நிற்க, எதிர்த்தரப்புச் சட்டத்தரணி உங்கள் கதைகளை வரி வரியாக வாசித்து, “இதில் உப்பு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்” என்று கேட்பார். அந்த மத்தியானத்தை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். வழக்கு வருடக் கணக்கில் இழுபடும். பணமும் உங்களுடையதுதான் போகும்.

‘அந்தக் காலத்து விமர்சகர்கள்’

இதில்தான் நீங்கள் கூடுதலாகத் தவறி நினைத்திருக்கிறீர்கள், ரீச்சர். பழைய ஆட்கள் பண்பாகக் குறை சொன்னார்கள் என்ற படம் அழகானது, ஆனால் நடந்தது வேறு. படிக்காசுப் புலவர் பாட்டு என்று சொல்லப்படும் ஒரு தனிப்பாடலை நீங்களும் அறிந்திருப்பீர்கள். “குட்டுதற்கோ பிள்ளைப் பாண்டியன் இங்கில்லை” என்று தொடங்கும். பிழையாகப் பாடுகிறவன் தலையில் குட்டுவதற்குப் பிள்ளைப் பாண்டியன் இல்லை, காதை அறுக்க வில்லி இல்லை, தலையை வெட்ட ஒட்டக்கூத்தன் இல்லை, ஆகவே யார் வேண்டுமானாலும் புலவர் என்று ஊரெல்லாம் திரியலாம் என்பது அதன் கருத்து. அதோடு ஒப்பிட்டால் ‘உப்புச்சப்பில்லை’ என்பது எவ்வளவோ மெல்லிய சொல்.

ஆனால் அடிதடியை விட்டுவிட்டு, சுவையற்ற எழுத்தை நம்முடைய பழைய ஆட்கள் எப்படிப் பெயரிட்டார்கள் என்று பார்த்தால் எனக்கு வியப்பு வருகிறது. ‘சலிப்பாக இருக்கிறது’ என்று சொன்னால் அது வாசித்தவரின் நிலை. அவர்கள் அதோடு நிற்காமல், சலிப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடி அந்த இடத்துக்கு ஒரு பெயர் வைத்தார்கள். தொல்காப்பிய மரபியல் நூலின் சிதைவுகளை அடுக்கும்போது ‘மனங்கோள் இன்மை’ என்று ஒன்றைச் சொல்கிறது. மனம் அதைப் பற்றிக்கொள்ளவில்லை, பிழை ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், ஆனால் பிடிக்கவில்லை. சப்பென்று இருக்கும் எழுத்துக்கு இதைவிடச் சரியான சொல்லை நான் இன்னும் காணவில்லை.

நன்னூல் இதையே இன்னும் பிரித்தது. மிகைபடக் கூறல் என்றால் வேண்டியதற்கு மேல் சொல்வது. மற்றொன்று விரித்தல் என்றால் எடுத்த விஷயத்தை விட்டுவிட்டு வேறொன்றைப் பரப்புவது. வெற்றெனத் தொடுத்தல் என்றால் பொருள் இல்லாமல் சொல்லை அடுக்கிக்கொண்டு போவது. சென்று தேய்ந்து இறுதல் என்றால் நன்றாகத் தொடங்கி வர வர மெலிந்து முடிவது. நின்று பயனின்மை என்றால் சொல் நிற்கும், அதனால் ஒன்றும் விளையாது. ஐந்தும் வாசகனுக்குத் தருவது ஒரே அலுப்பைத்தான், ஆனால் ஐந்துக்கும் மருந்து வேறு. திருக்குறள் கற்றதை விரித்துச் சொல்லத் தெரியாதவரை ‘நாறா மலர்’ என்றது. கொத்தாகப் பூத்திருக்கும், மணம் வராது. உப்பு, சாரம், மணம் என்று நம்மவர்கள் நாக்காலும் மூக்காலும் எழுத்தை அளந்தவர்கள். உங்கள் மதிப்புரையாளர் கறிச்சட்டியைத் தொட்டது அந்த வழியில்தான்.

இப்போது உங்கள் ‘குற்றம்’ கேள்விக்கு வருகிறேன். அந்தச் சூத்திரம் எப்படி முடிகிறது என்று பாருங்கள். “ஈரைங் குற்றம் நூற்கே.” பத்துக் குற்றமும் நூலுக்கு. நூலாசிரியனுக்கு என்று நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் எழுதவில்லை. அந்த ஏகாரம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை எனக்கு நீங்கள் படிப்பிக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் நல்லூர் ஆறுமுக நாவலர் காண்டிகையுரையோடு பதித்த நூல் இது. அதில் பாடம் கேட்ட தலைமுறைகள் ‘குற்றம்’ என்ற சொல்லை நூலின் மேல் வைக்கத்தான் பழகின. நீதிமன்றம் இன்று கேட்கிற கேள்வியும் கிட்டத்தட்ட இதுவே. சொல் விழுந்தது நூலின் மேலா, ஆளின் மேலா?

நாவலரைச் சொன்னதால் ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். தமிழ்ப் புலவர்கள் நீதிமன்றம் போனதே இல்லை என்றில்லை. இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா என்று சொல்லலாமா என்று எழுந்த அருட்பா மருட்பாச் சண்டையில் நாவலரும் அடிகளும் 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனார்கள். அதன் முடிவை இரண்டு பக்கத்தாரும் இன்றைக்கும் இரண்டு விதமாகத்தான் சொல்கிறார்கள். உங்கள் வடமராட்சியைச் சேர்ந்த மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை காலத்தில் அதே சண்டை சென்னையில் மறுபடியும் வழக்கானது. அந்த வழக்குகளில் பேச்சு ஆட்கள் மேலும் நம்பிக்கைகள் மேலும் பட்டது. ஒருவர் பாட்டில் சுவையில்லை என்று சொன்னதற்காக யாரும் படியேறவில்லை.

பிறகு வந்தவர்களும் மெதுவாகப் பேசவில்லை. புதுமைப்பித்தன் காரசாரமாக விமர்சனம் எழுத ‘ரசமட்டம்’ என்ற பெயரை வைத்துக்கொண்டார். மேசன்மார் சுவர் கட்டும்போது மட்டம் பார்க்கிற கருவி அது. ரசனையின் மட்டம் என்றும் படிக்கலாம். நம்முடைய பக்கத்தில் 1960களில் நடந்த மரபுச் சண்டையில், பேச்சுத் தமிழில் எழுதியவர்களை ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர்கள் தள்ளினார்கள். முற்போக்கு அணியின் கதைகளை மற்றப் பக்கம் ‘வாய்பாடு’, ‘சுலோகம்’, ‘பிரசாரம்’ என்றது. அந்த அணி திருப்பி ‘நசிவிலக்கியம்’ என்றது. கைலாசபதி, சிவத்தம்பி, எஸ். பொன்னுத்துரை, மு. தளையசிங்கம் எல்லோரும் அந்தச் சூட்டில் நின்று எழுதியவர்கள். இவற்றில் ‘இழிசனர்’ என்பது ஆளையும் சாதியையும் தொட்டது. அதை நான் எந்த நாளும் நியாயப்படுத்த மாட்டேன். ‘வாய்பாடு’ அப்படியில்லை. ஏழெட்டு என்று தொடங்கும்போதே ஐம்பத்தாறு என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது, கதையும் அப்படிப் போனால் வாசகன் ஏன் கடைசிப் பக்கம் வரை வர வேண்டும்? அந்தச் சொல் கதையைப் பார்த்துக் கேட்ட கேள்வி.

நான் விமர்சகர் இல்லை. ஆனாலும் உங்கள் நாலாவது கதையைப் பற்றி ஒன்று சொல்ல அனுமதியுங்கள். அம்மம்மா முற்றத்தில் பாய் விரித்துப் புழுக்கொடியல் காயப்போட்டுவிட்டு, கையில் ஈர்க்கோடு காகம் கலைத்துக்கொண்டு இருக்கிறா. உள்ளே கனடாவிலிருந்து மகள் எடுத்த போன் அடிக்கிறது. எழும்பினால் காகம் வந்துவிடும். அவ எழும்பவில்லை. அந்த இரண்டு பக்கத்தில் என் அம்மம்மாவின் முற்றத்தைப் பார்த்தேன், கண் கலங்கியது உண்மை. அதற்குப் பிறகு ஒரு முழுப் பக்கத்துக்குத் தாய்மண், பாசம், புலம்பெயர்வு என்று ஒரு பிரசங்கம் வருகிறது. அம்மம்மாவைக் காணவில்லை, காகத்தையும் காணவில்லை. மதிப்புரையாளர் ‘சென்று தேய்ந்து’ என்று எழுதியபோது எடுத்துக் காட்டிய ஆறு வரி அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ‘சென்று’ என்பதற்கும் அந்தச் சொற்றொடரில் இடம் உண்டு, கவனித்தீர்களா? நன்றாகத் தொடங்கியது என்று ஒப்புக்கொள்ளாமல் அந்தக் குற்றத்தை யாரும் சொல்ல முடியாது.

பதினோராவது கோடு

மதிப்புரையில் நீங்கள் பதினொரு இடத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். பத்துக் கோடு கதைகளைப் பற்றியவை. அவற்றுக்குச் சட்டத்தில் பரிகாரம் இல்லை, இருக்கவும் கூடாது என்பதே என் எண்ணம்.

கடைசிக் கோடு வேறு. ‘இரண்டு கதைகள் இன்னொருவர் கையெழுத்தைப் பார்த்து எழுதியவை போலத் தெரிகின்றன’ என்கிறார். எந்தக் கதைகள், யாருடைய கையெழுத்து என்று சொல்லவில்லை. நடை யாரையோ நினைவூட்டுகிறது என்ற பொருளில் அவர் எழுதியிருக்கலாம். ஆனால் சாதாரண வாசகர் அதைப் பார்த்து எழுதினார் என்றுதான் படிப்பார். அது அபிப்பிராயம் என்ற எல்லையைத் தாண்டி ஒரு நடப்பைச் சொல்வது போல நிற்கிறது. ஒரு தமிழ் ஆசிரியையைப் பற்றி அப்படிச் சொல்வது சாதாரண விஷயமும் இல்லை. உங்கள் ஒன்பது பக்கக் கடிதத்தில் இதற்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். உப்பைப் பற்றி மூன்று பக்கம்.

இதற்கும் உடனே வழக்குத் தேவையில்லை. வெளிநாட்டிலுள்ள உங்கள் தம்பி சொல்கிற லோயர் நோட்டீஸும் இப்போது வேண்டாம். மூன்று நாலு பேர் கைக்காசில் நடத்தும் இதழ்களுக்கு அப்படி ஒரு நோட்டீஸ் போனால் இதழே நின்றுவிடலாம், விளக்கம் வராது. முதலில் இதழாசிரியருக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். குறிப்பிட்ட வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதி, எந்த இரண்டு கதைகள், எந்த மூலம் என்று கேளுங்கள். ஒப்பிட்டுக் காட்ட முடியாவிட்டால் அடுத்த இதழில் திருத்தம் போடும்படி கேளுங்கள். மற்றப் பத்துக் கோட்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் வேண்டாம். உங்கள் கதைக் கொப்பிகளும் திருத்திய படிகளும் வீட்டில் இருந்தால் திகதியோடு எடுத்து வையுங்கள். வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் சட்டத்தில் இருக்கிறது, மதிப்புரை வந்து அவ்வளவு காலமாகவில்லை. ஆகவே பொறுத்துப் பார்ப்பதால் உரிமை எதுவும் போய்விடாது.

மருமகனின் பதிவு

இதுதான் அவசரம். ‘காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவர்’ என்று அந்த மூத்தவரின் பெயரைப் போட்டு மருமகன் எழுதியிருக்கிறான். அவர் காசு வாங்கினார் என்பதற்கு உங்களிடம் ஏதாவது உண்டா? கடிதத்தில் ஒன்றும் காணவில்லை. கதை உப்பில்லை என்பது அபிப்பிராயம், காசு வாங்கினார் என்பது நடப்பு. இன்றைய நிலையில் மானநட்ட வழக்குப் போட வலுவான காரணம் அவர் கையில்தான் இருக்கிறது. மருமகன்மீது அவர் போடலாம், அதைப் பகிர்ந்தவர்கள்மீதும் போடலாம். நீங்கள் பகிர்ந்திருந்தால் உங்கள்மீதும்தான். இதை வாசித்த கையோடு அவனைக் கூப்பிட்டுப் பதிவை எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த பிறகு, ‘ஆதாரமில்லாமல் எழுதிவிட்டேன், வருந்துகிறேன்’ என்று இரண்டு வரி அதே இடத்தில் போடச் சொல்லுங்கள். அவனுக்கு வெட்கமாக இருக்கும், பரவாயில்லை.

அந்தப் பதிவு இருக்கும்போது இதழாசிரியருக்குக் கடிதம் போனால் உங்கள் பக்கத்து நியாயம் எடுபடாது. அதனால் முதலில் பதிவு, பிறகு கடிதம். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை மதிப்புரைக் கொப்பியோடு குத்தி வையுங்கள். அடுத்த இரண்டு இதழிலும் திருத்தமோ பதிலோ வராவிட்டால் எனக்கு எழுதுங்கள், யாழ்ப்பாணத்தில் நேரில் சந்தித்துப் பேசலாம். வரும்போது அந்த நாலாவது கதையின் முதல் கையெழுத்துப் பிரதியையும் கொண்டுவாருங்கள். அந்தக் கடைசிப் பக்கம் அதில் இருந்ததா, பிறகு சேர்த்ததா என்று எனக்குத் தெரிய ஆசை.